மூன்று கம்பெனி, ஒரே விலை: இன்னும் நாலு பேருக்கு லைசென்ஸ் கொடுத்தால் சரியாகுமா?

05-07-2024, வாசகர் கேள்வி

2024 ஜூலை 3 அன்று ஜியோவும் ஏர்டெல்லும் விலையை ஏற்றின. மறுநாளே வோடபோன் ஐடியாவும் ஏற்றியது. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் பிளான் 299 ஆனது. ஏர்டெல்லில் 265 ஆக இருந்ததும் 299. எங்கே போனாலும் அதே விலை. 2010 வாக்கில் ஒரு சர்க்கிளில் (உரிமத்துக்காக நாட்டைப் பிரித்த வட்டாரங்களில் ஒன்று) பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் இருந்தன, நொடிக்கு ஒரு பைசா என்று அடித்துக்கொண்டார்கள். அதே மாதிரி இன்னும் நான்கு பேருக்கு லைசென்ஸ் கொடுத்தால் விலை இறங்காதா? அரசு ஏன் செய்யவில்லை?

05-07-2024, இரவு

லைசென்ஸ் இப்போதும் திறந்துதான் கிடக்கிறது. தகுதி உள்ள யார் விண்ணப்பித்தாலும் ஒருங்கிணைந்த உரிமம் கிடைக்கும். 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கும் 2021 முதல் தானியங்கி வழி உண்டு. வருவதற்குத்தான் ஆள் இல்லை. உரிமம் என்பது ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு போன் அழைப்பைக்கூட இணைக்க முடியாது. அதற்கு மூன்று வேண்டும்: அலைக்கற்றை, மற்ற நெட்வொர்க்குகளுடன் இணைப்பு, பழைய எண்ணோடு வாடிக்கையாளர் வந்து சேரும் வழி. இந்த மூன்றின் விதிகள் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் போட்டியும் இருக்கும். கம்பெனிகளின் தலையை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

இதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

06-07-2024

அந்த மூன்றுக்கும் முன், பணம். 1994 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு நான்கு பெருநகரங்களிலும் நகருக்கு இரண்டு மொபைல் கம்பெனிகள் மட்டும். சென்னையில் ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும். மாத வாடகை 156 ரூபாய், பரபரப்பான நேரத்தில் நிமிடத்துக்கு 16.80 ரூபாய் வரை வாங்கலாம், இன்கமிங்குக்கும் காசு. இரண்டே பேர் என்பதால்தான் இந்த விலை என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, லைசென்ஸ் கட்டணம் வாங்கிய முறை.

1995 ஏலத்தில் யார் அதிகத் தொகை எழுதுகிறாரோ அவருக்கே சர்க்கிள். எச்எஃப்சிஎல் கூட்டணி ஒன்பது சர்க்கிள்களின் லேண்ட்லைன் சேவைக்கு 15 ஆண்டுக்குச் சுமார் 85,000 கோடி எழுதியது. அரசே திகைத்துப்போய், பெரிய சர்க்கிள்களில் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் இல்லை என்று பிறகு உச்சவரம்பு போட்டது. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் நிலையான தொகை கட்டவேண்டும். சந்தாதாரர் குறைவு, கட்டணமோ மலை. அதனால் நிமிட விலை ஏற்றம். விலை ஏறியதால் சந்தாதாரர் வரவில்லை. 1998, 99இல் பல கம்பெனிகள் கட்டணப் பாக்கியில் நின்றன.

முடிச்சை அவிழ்த்தது 1999 கொள்கை. 1-8-1999 முதல் நிலையான தொகை போய் வருமானத்தில் பங்கு வந்தது. தொடக்கத்தில் 15 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறைந்தது. புதிதாக ஒரு கம்பெனிகூட வராத நிலையிலேயே விலை இறங்கத் தொடங்கியது, இந்த மாற்றமும் அதற்கு ஒரு காரணம். மூன்றாவது ஆளாக அரசு நிறுவனங்களான எம்டிஎன்எல், பிஎஸ்என்எல் மொபைலும் நான்காவது ஆளும் வந்தது அதற்குப் பிறகு, 2001, 2002இல்.

06-07-2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, வருமானப் பங்கு கம்பெனிகளுக்குக் கொடுத்த சலுகைதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், அரசுக்கு அப்போது நட்டம் என்று வழக்கே நடந்தது. ஆனால் வருமானப் பங்கில் ஒரு விதை அன்றே ஒளிந்திருந்தது: எதை வருமானம் என்பது? வாடகை, வட்டி, டிவிடெண்ட், பழைய பொருள் விற்ற காசு எல்லாம் சேருமா? இந்தக் கேள்வி பல ஆண்டு நீதிமன்றத்தில் கிடந்தது. 24-10-2019 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாம் சேரும் என்றது. அசல் ஒரு பங்கு, வட்டியும் அபராதமும் அபராதத்துக்கு வட்டியும் அதைவிடப் பல பங்கு. அரசின் கணக்கில் வோடபோன் ஐடியாவுக்கு 58,254 கோடி, ஏர்டெல்லுக்கு 43,980 கோடி. 2016இல்தான் வந்த ஜியோவுக்கு இந்தப் பழைய சுமை ஏறக்குறைய இல்லை. இன்றைய மூன்று கம்பெனிச் சந்தை எப்படி உருவானது என்று கேட்பவர்கள் விலைப்போரை மட்டும் பேசுகிறார்கள். இந்தக் கணக்கு வழக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

07-07-2024

"பத்துப் பன்னிரண்டு கம்பெனி" காலத்துக்கு வருகிறேன். 10-1-2008 அன்று 122 உரிமங்களுக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் 1,658 கோடி, 2001 ஏலத்தில் கிடைத்த அதே விலை. இரண்டு ஆண்டு கழித்து 3ஜி ஏலத்தில் 5 மெகாஹெர்ட்ஸ் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 16,750 கோடிக்குப் போனது. 2-2-2012 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது.

ஊழல் குற்றச்சாட்டு, வழக்கு, விடுதலை எல்லாம் தனிக் கதை, இங்கே வேண்டாம். போட்டியின் கோணத்தில் மட்டும் பாருங்கள். அப்படி வந்தவர்களுக்கு ஒரு சர்க்கிளில் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ். அன்றைய 2ஜி முறையான ஜிஎஸ்எம்மில் ஒரு கேரியர், அதாவது பேச்சைச் சுமக்கும் ஓர் அலைத் துண்டு, 0.2 மெகாஹெர்ட்ஸ். 4.4 என்றால் 22 கேரியர். அவற்றை அக்கம்பக்கத்து டவர்கள் மோதாமல் பங்கிட்டால் ஒரு செக்டருக்கு (டவரின் ஒரு பக்கம்) இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். ஒரு கேரியரில் எட்டு டைம்ஸ்லாட், அதிலும் அழைப்பை இணைக்கும் சிக்னலிங்குக்கு ஒன்றிரண்டு போய்விடும். ஆக ஒரு செக்டரில் ஒரே நேரத்தில் பதினைந்து இருபது பேச்சு. 1800 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சுவரைத் தாண்டி உள்ளே போவதும் கஷ்டம், டவரை நெருக்கி வைக்கவேண்டும். இவ்வளவு மெல்லிய துண்டோடு நொடிக்கு ஒரு பைசா விற்றால் டவர் வாடகைக்கே கட்டுப்படியாகாது. பன்னிரண்டு பேரும் சேர்ந்து அலைக்கற்றையைச் சில்லறையாக உடைத்துக்கொண்டார்கள். விலை இறங்கியது உண்மை. அது நிலைக்கக்கூடிய விலையா என்பதுதான் கேள்வி.

நொடிக்கு ஒரு பைசாவை 2009 ஜூனில் தொடங்கியது டாடா டோகோமோ. அவர்கள் 2008இல் புதிதாக முளைத்தவர்கள் அல்ல, சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள். அந்த விலையைக் கொண்டுவந்ததே புதிய லைசென்ஸ்காரர்கள் என்று சொல்வது முழுச் சரியல்ல.

09-07-2024

இப்போது இணைப்புப் புள்ளி. இதை நிதானமாக எழுதவேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் தொடாமல் விடுவது இதைத்தான்.

நீங்கள் புதுக் கம்பெனி. உங்கள் சந்தாதாரர் பத்துப் பேரில் ஒன்பது பேர் கூப்பிடுவது வேறு கம்பெனி எண்ணை. உங்கள் சுவிட்சுக்கும் அவர் சுவிட்சுக்கும் நடுவே கம்பி வேண்டும். அந்தக் கம்பியின் அலகு இ1. ஒரு இ1இல் ஒரே நேரத்தில் 30 பேச்சு ஓடும். சாதாரண நாளில் உச்ச நேரத்து நெரிசலுக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்த வரம்பு 0.5 சதவீதம், அதாவது ஆயிரம் அழைப்பில் ஐந்துதான் "லைன் பிஸி" என்று திரும்பலாம்.

இந்த வரம்புக்குள் ஒரு இ1 தாங்குவது 19 எர்லாங் (ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடும் ஒரு பேச்சு ஓர் எர்லாங்). 30 அல்ல. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கொத்தாக வரும், அதனால் காலி இடம் விட்டுவைக்கவேண்டும். 19 எர்லாங் என்றால் அந்த மணி நேரத்தில் 1,140 நிமிடப் பேச்சு. சராசரி அழைப்பு இரண்டு நிமிடம் என்றால் 570 அழைப்பு.

இப்போது போக்குவரத்து இரட்டிப்பாகி 38 எர்லாங் ஆகிறது, கம்பி அதே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் 0.5இலிருந்து 1 சதவீதம் ஆகாது. நெரிசலைக் கணிக்கும் எர்லாங் பி வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 27 சதவீதம் வரும். நாலில் ஒன்றுக்கு மேல் தோல்வி. தோற்றவர் உடனே மறுபடி டயல் செய்வார், அதனால் உண்மை நிலை இதைவிட மோசம். இணைப்புக் கம்பியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலே புதியவரின் பெயர் கெட்டுவிடும் என்பது இதனால்தான். சந்தாதாரருக்கு யார் தவறு என்று தெரியாது. "புது சிம்மில் கால் போகமாட்டேங்குது" என்றுதான் ஊரில் பேச்சு.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபோது நடந்தது இதுவே. இ1 கேட்டார்கள், போதுமான அளவு கொடுக்கவில்லை என்றார்கள். மற்றவர்கள் நாங்கள் விதிப்படியான 90 நாளுக்குள் கொடுக்கிறோம், இலவசப் பேச்சால் எங்கள் பக்கம் வெள்ளம் வருகிறது என்றார்கள். 21-10-2016 அன்று டிராய், நெரிசல் வரம்பு மீறிய சர்க்கிள் ஒவ்வொன்றுக்கும் 50 கோடி வீதம் அபராதம் பரிந்துரைத்தது: ஏர்டெல் 21 சர்க்கிள், வோடபோன் 21, ஐடியா 19. மொத்தம் 3,050 கோடி.

09-07-2024, தொடர்ச்சி

எதிர்த்தரப்பு வாதத்தையும் எடைபோடவேண்டும். அப்போது முடிவுக் கட்டணம், அதாவது அழைப்பு போய்ச் சேரும் கம்பெனிக்கு அனுப்பும் கம்பெனி கொடுப்பது, நிமிடத்துக்கு 14 பைசா. நிரம்பி ஓடும் ஒரு இ1 உச்ச மணி நேரத்தில் வாங்கித் தருவது 1,140 × 0.14, கிட்டத்தட்ட 160 ரூபாய். அந்த 160 ரூபாய்க்கு அவர்கள் தங்கள் டவர், அலைக்கற்றை, சுவிட்ச் எல்லாவற்றிலும் இடம் விடவேண்டும், அதுவும் தங்கள் வாடிக்கையாளரையே இழுத்துப் போகிறவருக்கு. கசப்பு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் என் நிலை மாறவில்லை. இணைப்பு கொடுப்பது உரிமத்தின் கடமை. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் டிராயிடம் விலையைப் பற்றி வாதாடலாம். கதவை ஒருக்களித்து வைக்கக் கூடாது.

பிறகு விதி இறுகியது. 2018 பிப்ரவரி 1 முதல் அமலான இணைப்பு ஒழுங்குமுறையில், கேட்ட 30 நாளுக்குள் பாரபட்சம் இல்லாமல் ஒப்பந்தம் போடவேண்டும், மீறினால் சர்க்கிளுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் வரை. இந்த விதி 2016க்கு முன்பே இருந்திருக்கவேண்டும்.

இன்னொரு நுணுக்கம், பொறியாளர்களுக்கு. இரண்டு இ1ஐத் தனித்தனிக் குழுவாக வைத்தால் 19 + 19 = 38 எர்லாங். ஒரே குழுவாகச் சேர்த்தால் 60 சானல், 44.8 எர்லாங். அதே கம்பி, ஆறேழு எர்லாங் கூடுதல். சின்னக் கம்பெனிக்கு ஊர் ஊராகத் துண்டு துண்டாக இ1 கொடுத்தால் எண்ணிக்கை சரியாகத் தெரியும், திறன் குறையும். பேச்சுவார்த்தையில் எண்ணிக்கையைவிடக் குழு அமைப்பை முதலில் கேளுங்கள்.

11-07-2024

"முடிவுக் கட்டணம் இப்போது சுழியமாகிவிட்டதே, அப்புறம் என்ன சண்டை?" என்ற கேள்விக்கு.

2003 மே 1 வரை இன்கமிங்குக்கு நாம் காசு கொடுத்தோம். அன்று முதல் கூப்பிடுபவரே கட்டும் முறை. மொபைலுக்கான முடிவுக் கட்டணம் 2004 பிப்ரவரியில் 30 பைசா, 2009 ஏப்ரலில் 20, 2015 மார்ச்சில் 14, 2017 அக்டோபரில் 6, 2021 ஜனவரி 1 முதல் சுழியம். 2020லேயே சுழியமாக வேண்டியது ஓராண்டு தள்ளிப்போனது.

தள்ளிப்போடலாமா என்ற பேச்சு நடந்த 2019இல்தான் ரிங் சண்டை. ஜியோ ரிங் அடிக்கும் நேரத்தை 20 நொடியாகக் குறைத்தது, ஏர்டெல் பிறகு 25க்கு இறங்கியது. ஏன்? ஜியோவிலிருந்து ஏர்டெல்லுக்கு ஒருவர் கூப்பிடுகிறார். ரிங் சீக்கிரம் நின்றால் மறுமுனையில் எடுப்பதற்குள் மிஸ்டு கால். அவர் திருப்பிக் கூப்பிடுவார். இப்போது அழைப்பின் திசை மாறிவிட்டது, 6 பைசா கொடுக்கவேண்டியது ஏர்டெல். சில நொடி வித்தியாசத்தில் கோடிக்கணக்கான நிமிடங்களின் பணம் பக்கம் மாறியது. வயதானவர்கள் கைபேசியை எடுத்துக் கண்ணாடி போடுவதற்குள் அழைப்பு அறுந்துபோனதுதான் மிச்சம். 2019 நவம்பர் 1 அன்று டிராய் மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் ஜியோ பிற நெட்வொர்க் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 பைசா வசூலித்ததும் இதே கணக்குதான்.

14-07-2024, எண் மாற்றம் (அதே எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போவது) பற்றி

2024 ஜூலையில் ஊரெங்கும் பிஎஸ்என்எல்லுக்கு மாறும் பேச்சாக இருந்தது. பலர் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் படிப்படியாக.

பழைய சிம்மிலிருந்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண், 1900க்கு எஸ்எம்எஸ். எட்டு எழுத்துகள் கொண்ட யுபிசி, அதாவது கம்பெனி மாறுவதற்கான குறியீடு, வரும். அது நான்கு நாள்தான் செல்லும் (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் 30 நாள்). அந்த நான்கு நாளுக்குள் புதிய கம்பெனியின் கடையில் ஆதாரோடு போய்ப் பதியவேண்டும். சர்க்கிளுக்குள் என்றால் மூன்று வேலை நாள், வேறு சர்க்கிள் அல்லது நிறுவன எண் என்றால் ஐந்து. மனம் மாறினால் பதிந்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

யுபிசி வராததற்குக் காரணங்கள்: எண் எடுத்து, அல்லது கடைசியாக மாற்றி, 90 நாள் ஆகவில்லை. போஸ்ட்பெய்டில் கெடு முடிந்த பில் பாக்கி. பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. எண் மீது வழக்கு. 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சிம் மாற்றி ஏழு நாள் ஆகாவிட்டால் யுபிசி கிடையாது. தொலைந்ததாகச் சொல்லி அடுத்தவர் சிம்மை மோசடியாக மாற்றி அப்படியே வேறு கம்பெனிக்குக் கொண்டுபோவதைத் தடுக்க இந்த ஏற்பாடு, நல்லதே. பழைய சிம்மை 4ஜி சிம்மாக மாற்றிய அன்றே கம்பெனி மாற முயல்பவர்கள் இதில்தான் நிற்கிறார்கள்.

ப்ரீபெய்டில் மிச்சம் இருக்கும் பேலன்ஸ், வேலிடிட்டி எல்லாம் போய்விடும். ரீசார்ஜ் முடியும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்பு தொடங்குவது லாபம். சிம் மாறும் இரவில் வங்கி ஓடிபி வராமல் போகலாம், அன்றைக்கு முக்கியமான பணப் பரிமாற்றம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண் மாற்றம் 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவிலும் 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன்பே பன்னிரண்டு கம்பெனிகள் வந்துவிட்டன. வரிசை தலைகீழ். முதலில் எண் மாற்றம், பிறகு புதியவர்கள் என்றிருந்தால் அவர்களுக்குப் புது சிம் வாங்கும் ஏழைகள் மட்டுமல்லாமல் நல்ல பில் கட்டும் வாடிக்கையாளரும் போயிருப்பார்.

15-07-2024

ஒரு சேர்க்கை. யுபிசி கேட்க எஸ்எம்எஸ் போகவேண்டும், எஸ்எம்எஸ் போகச் சிக்னல் வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் அணைந்தபோது இதுதான் சிக்கியது. தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி, லட்சக்கணக்கானோரின் முதல் எண். டவர் கம்பெனிகளுடன் பாக்கித் தகராறு முற்றி ஊர் ஊராகச் சிக்னல் போனது. பிப்ரவரி 28இல் திவால் மனு. வாடிக்கையாளர் வேறு நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தார், கடை வாசலில் வரிசையில் நின்றார். கம்பெனி நுழைய நூறு பக்க விதி எழுதியவர்கள் வெளியேறுவதற்கு உருப்படியாக எழுதவில்லை. மூடப்போகும் கம்பெனியின் எல்லா எண்களுக்கும் யுபிசியைத் தானாகவே உருவாக்கிச் சிக்னல் இருக்கும்போதே அனுப்பிவிடும் கடமை வேண்டும். போட்டி என்றால் சிலர் தோற்பார்கள். தோற்றவரின் வாடிக்கையாளர் எண்ணையும் பேலன்ஸையும் சேர்த்துத் தோற்கக் கூடாது.

24-09-2024

2024 ஜூலை மாத டிராய் அறிக்கை வந்துவிட்டது. பிஎஸ்என்எல்லுக்கு ஒரே மாதத்தில் ஏறத்தாழ 29 லட்சம் கூடுதல். ஏர்டெல் 17 லட்சம், வோடபோன் ஐடியா 14 லட்சம், ஜியோ ஏழரை லட்சம் இழந்தன. விலை ஏற்றத்துக்கு மக்கள் பதில் சொல்ல முடிகிறது என்பதற்கு இது சாட்சி. மூன்று தனியாருக்கு அப்பால் நான்காவது ஆளாக பிஎஸ்என்எல் உயிரோடு இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும்.

ஆனால் இந்த அறிக்கையைப் படிக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். பின்னால் விஎல்ஆர் அட்டவணை இருக்கும். குறிப்பிட்ட நாளின் உச்சத்தில் எத்தனை சிம் உண்மையில் நெட்வொர்க்கில் பதிவாகியிருந்தது என்ற கணக்கு. பையில் கிடக்கும் இரண்டாவது சிம் மொத்தத்தில் வரும், இதில் வராது. பிஎஸ்என்எல்லுக்கு இந்த விகிதம் மற்ற மூவரைவிடக் குறைவு. 4ஜி டவர் போதுமான அளவு எழாத இடத்தில் மாறி வந்தவர் தங்கமாட்டார்.

சந்தைச் செறிவைக் கணக்கிட எளிய வழி: ஒவ்வொருவரின் சந்தாதாரர் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 2024 ஜூலையில் உத்தேசமாக 40, 33, 18, 8. 1,600 + 1,089 + 324 + 64 = 3,077. பொதுவாக 2,500ஐத் தாண்டினாலே மிகச் செறிந்த சந்தை என்பார்கள். 2010இல் முதலிடத்தில் இருந்தவரின் பங்கே ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான்.

26-09-2024

"அப்படியானால் ஏன் புதியவர் வருவதில்லை" என்று முதலில் கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார். 700 மெகாஹெர்ட்ஸ் கதையைப் பாருங்கள். தூரம் போகும், சுவரைத் துளைக்கும், கிராமத்துக்கு ஏற்ற அலைவரிசை. 2016இல் அரசு வைத்த அடிப்படை விலை மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி, ஒருவரும் வாங்கவில்லை. 2021இல் 6,568 கோடி, அப்போதும் யாரும் இல்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறக்கியபோது ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது, 39,270 கோடி. ஐந்தாறு ஆண்டு அந்த அலைக்கற்றை வெறும் காற்றாகவே கிடந்தது. யாருக்கும் பயன் இல்லை, கருவூலத்துக்கும் ஒரு ரூபாய் இல்லை. இந்த விலையில் புதியவர் ஒருவர் டவர் போடும் முன்பே மூழ்கிவிடுவார்.

சொந்த டவர் இல்லாமல் பெரியவரிடம் மொத்தமாக நிமிடமும் டேட்டாவும் வாங்கிச் சில்லறைக்கு விற்கும் விஎன்ஓ உரிமம் 2016இலேயே வந்தது. மொபைலில் அது எழவே இல்லை. காரணம் எளிது: பெரியவர் விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரஸ்பர ஒப்பந்தம் என்று விட்டுவிட்டார்கள். தன் வாடிக்கையாளரைக் குறைந்த விலைக்கு இழுக்கப்போகிறவருக்கு யார் மொத்த விலை கொடுப்பார்? போட்டியைக் கூட்ட இன்று ஒரே ஒரு விதி எழுதலாம் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்: 30 சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவர், தன் சில்லறை விலையிலிருந்து இத்தனை சதவீதம் கழித்து விஎன்ஓவுக்கு விற்றே ஆகவேண்டும்.

28-12-2024

டிராய் 2024 டிசம்பர் 23 அன்று போட்ட திருத்தம் நல்லது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றாவது கட்டாயம் வைக்கவேண்டும், வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் பயன்படுத்தாத ஜிபிக்கு இத்தனை ஆண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2022இல் வந்த 30 நாள் பிளான் விதியையும் நினைவில் வையுங்கள். 28 நாள் பிளானில் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், அதே தேதியில் புதுப்பிக்கும் மாதப் பிளானில் 12. ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒன்று வைத்திருக்கவேண்டும், ஆப்பில் கீழே கிடக்கும், தேடி எடுங்கள்.

27-01-2025

பேச்சு மட்டும் பிளான்கள் 2025 ஜனவரியில் வந்தன. ஜியோ 84 நாளுக்கு 448, ஏர்டெல் 84 நாளுக்கு 469. முதலில் வைத்த விலை இன்னும் கூடுதல், டிராய் பார்க்கிறது என்றதும் சில நாளில் இறக்கினார்கள். நாளுக்கு ஐந்தரை ரூபாய் அளவில் நின்றது. முடிவுக் கட்டணம் சுழியமாக இருக்கும் காலத்தில் இது இன்னும் அதிகம் என்றே நினைக்கிறேன்.

எண்ணை உயிரோடு வைக்க மட்டும் நினைப்பவர்களுக்குப் பழைய விதி ஒன்று உண்டு. ப்ரீபெய்ட் எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் துண்டிக்கலாம். அப்போதும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்கவேண்டும்.

24-04-2025

2025 ஏப்ரலில் இரண்டு செய்தி. வோடபோன் ஐடியா அரசுக்குக் கட்டவேண்டிய அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடி பங்காக மாறி, அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆகிவிட்டது. பிஎஸ்என்எல் முழுக்க அரசுடையது. நான்கில் இரண்டில் அரசே பெரிய பங்குதாரர், அலைக்கற்றை விற்பவரும் அரசு, உரிமக் கட்டணம் வாங்குபவரும் அரசு. 1999க்கு முன் தொலைத்தொடர்புத் துறையே சேவை நடத்தி, அதுவே உரிமமும் கொடுத்தபோது, நடுவரைத் தனியே பிரிக்கவேண்டும் என்றுதான் 1997இல் டிராயையும் 2000இல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்தையும் கொண்டுவந்தோம். அந்தப் பிரிவினை இப்போது முன்னைவிட அதிகம் தேவை.

இரண்டாவது: 2022 ஏலத்தில் புதிதாக நுழைந்த ஒரே ஆள் அதானி டேட்டா நெட்வொர்க்ஸ், 26 ஜிகாஹெர்ட்ஸில் 400 மெகாஹெர்ட்ஸ், 212 கோடி. அதன் உரிமையை ஏர்டெல்லுக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள், தமிழ்நாட்டுத் துண்டும் அதில் உண்டு. தலைப்பில் உள்ள கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

26-04-2025, ஃபைபர் பற்றிய கேள்விக்கு

அடுக்குமாடியில் ஒரே இன்டர்நெட் கம்பெனியைத்தான் உள்ளே விடுகிறார்கள், மாற வழி உண்டா என்கிறார் ஒருவர். மொபைலில் எண் மாற்றம் செய்த வேலையை இங்கே செய்வது கட்டடத்தின் குழாய்.

செம்புக் கம்பி காலத்தில் எக்ஸ்சேஞ்சில் ஒரு வீட்டுக் கம்பியை மட்டும் கழற்றி வேறு கம்பெனியில் சொருகலாம். 2004இல் டிராய் அதைப் பரிந்துரைத்தது, பிராட்பேண்ட் கொள்கையில் கட்டாயமாக்காமல் விட்டார்கள். இப்போது வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் அது முடியாது. ஒரே இழை, ஒளியைப் பங்கிடும் ஸ்ப்ளிட்டரில் 32, 64 வீடாகப் பிரிகிறது, ஒரு வீட்டை மட்டும் தனியே எடுக்க இழையே கிடையாது. அதனால் இரண்டாவது கம்பெனிக்குத் தனி இழை, தனி ஸ்ப்ளிட்டர் வேண்டும்.

ஒளி இழப்புக் கணக்கு இப்படி: பி பிளஸ் என்ற வகைக் கருவியில் மொத்தம் 28 டிபி (டெசிபெல், இழப்பின் அலகு) தாங்கும். 1:8 ஸ்ப்ளிட்டர் இரண்டு அடுக்கு என்றால் 21 டிபி அங்கேயே போகும். 5 கிலோமீட்டர் ஃபைபர் சுமார் 1.75, கனெக்டர் நான்கு 2 டிபி. மிச்சம் மூன்று சொச்சம். கதவு ஓரத்தில் ஃபைபரை மடக்கி ஆணி அடித்தால் அந்த மூன்றும் காலி, மோடத்தில் சிவப்பு விளக்கு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளி அளவு -15 முதல் -24 டிபிஎம்முக்குள் இருந்தால் நிம்மதி, -27ஐ நெருங்கினால் மழை நாளில் அறுந்து அறுந்து வரும்.

சங்கம் செய்யவேண்டியது: ஷாஃப்டில் (கம்பிகள் மேலே போகும் செங்குத்து வழி) தளத்துக்குத் தளம் குறைந்தது இரண்டு காலிக் குழாய், கீழே பொதுவான ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு இடமும் பூட்டும், சாவி சங்கத்திடம். புதுக் கட்டடம் என்றால் பில்டரிடம் பத்திரம் போடும் முன்பே இதை எழுதி வாங்குங்கள். ஒரே கம்பெனிக்குத் தனியுரிமை என்ற வரி பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும், அதை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.